நிமிர்ந்து பார்த்த நாள்

"அந்தக் கேமராவுக்குப் பின்னால ஒரு ஈ காக்கா கூட இல்லை அண்ணி! நான் சொன்னது சரியாப் போச்சா, இல்லையா?"

கொழுந்தன் கேட்டதும் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் அண்ணி காலர் அக்காவும் தட்டினாள். சட்டைக் கம்பெனியில் காலர் வைப்பதில் பேர் போனவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளிகள் கூடுவது அவள் வீட்டில்தான். தத்துவம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த கொழுந்தனை, "படிச்சதை எங்களுக்காவது சொல்லித் தொலை" என்று இழுத்து உட்கார வைத்தவளும் அவள்தான்.

அவன் சொன்ன சங்கதி இதுதான். ஆளுகிறவனுக்குத் தனியாக ஒரு பலமும் கிடையாது. யாரோ பார்க்கிறார்கள் என்று பயந்து நம்மை நாமே காவல் காக்கிறோமே, அதுதான் அவன் பலம்.

தையல் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு கேமரா. அதற்குப் பயந்து யாரும் வாய் திறப்பதில்லை. தண்ணீர் கூடக் குடிப்பதில்லை, குடித்தால் நடுவில் எழுந்து போக வேண்டுமே! சங்கம் என்ற சொல்லை உச்சரிக்கவே நாக்கு நடுங்கியது.

"கொடி பிடிக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பயத்தைச் சோதிச்சுப் பார்த்துடலாம்" என்று போன ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தான் கொழுந்தன்.

சொன்னபடி செவ்வாய்க்கிழமை, தொழிலாளிகள் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து கேமராவையே முறைத்துப் பார்த்தார்கள். சோதனை அவ்வளவுதான். மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் ஏன் என்று கேட்க ஆள் வரவில்லை. முதலில் தலை நிமிர்ந்தது தான்தான் என்று அன்றிலிருந்து அக்கா மார்தட்டிக்கொண்டிருந்தாள்.

"தத்துவம் சோறு போடுமான்னு கேட்டேன். தைரியம் போடுதுப்பா!" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"அப்போ சங்கம் ஆரம்பிச்சிடலாம். சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றான் கொழுந்தன்.

"எனக்கு ஒரு சந்தேகம்."

கேட்டது வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒரு புதுப் பெண். பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்தவளாக இருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கேமராவுக்குப் பின்னால ஒரு ஆள் இருந்து, எல்லாத்தையும் பார்த்துட்டு, மேலே சொல்லாம விட்டிருந்தா? அதுக்கு உங்க தத்துவம் என்ன சொல்லும்?"

"அடடா!" கொழுந்தனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. "அப்படின்னா அது இன்னும் பெரிய விஷயங்க. முதலாளியோட அதிகாரத்தைத் தினமும் தாங்கிப் பிடிக்கிறது நம்ம கைகள்தான். காவல் காக்கிற கையே விட்டுடுச்சுன்னா அவர் அந்தரத்துல தொங்க வேண்டியதுதான்!"

"அதுவும் சம்பளத்துக்கு வேலை செய்யிற கைதானே?"

"அதேதான். அதுவும் நம்ம கைதான்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவள் என்ன இப்படித் துருவித் துருவிக் கேட்கிறாள், முதலாளி அனுப்பிய ஆளோ? இத்தனை பேர் பிழைப்பும் போனால், கூட்டிச் சேர்த்த பழி தன் தலையில் அல்லவா விடியும்!

"நீ எந்த செக்‌ஷன்மா?"

"மாடியிலக்கா. கேமரா ரூம்."

கட்டிங் மாஸ்டர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"பயப்படாதீங்க. சொல்றதா இருந்தா செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பேன். தினமும் நான் பார்க்கிறது உங்க உச்சந்தலையை மட்டும்தான். அன்னிக்குத்தான் இத்தனை பேர் என்னை நிமிர்ந்து பார்த்தீங்க. எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. என் கையையும் சேர்த்துக்குங்க." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அவள் அக்காவின் காதோடு சொன்னாள்: "அன்னிக்கு நிமிராம, குனிஞ்சபடியே ஊசியில நூல் கோக்கிற மாதிரி நடிச்சது நீங்க ஒருத்தர் மட்டும்தான்க்கா. அதையும் நான் யார்கிட்டயும் சொல்லலை."