சூரிச் அக்கா

“அழாதேங்கோ தம்பி. கோச்சியால இறங்கி ஸ்டேசனுக்கு வெளியில வந்திட்டீங்கள்தானே? இப்ப எதிரில என்ன தெரியுது?”

“ஒரு பாண் பேக்கரி, அக்கா. எட்டு மணிக்கு டவுனில வேலையில நிக்காட்டி முதல் நாளே வேலை போயிடும்.”

“கடைக்குப் பக்கத்தில சுரங்கப்பாதை இருக்கு. அதால ஏறினால் டிராம் தரிப்பிடம். டவுனுக்குப் போற பக்கம் நில்லுங்கோ. மற்றப் பக்கம் ஏறினால் எயார்போட்டில கொண்டுபோய் விட்டிடும்.”

போனில் மூச்சிரைப்பு கேட்டது. பிறகு டிராமின் மணி.

“ஏறிட்டன் அக்கா. இன்னும் பத்து நிமிசம் இருக்கு.”

தர்சிகா நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்தாள். சூரிச்சுக்குப் புதிதாகப் போன ஊர்ப் பிள்ளைகள் வாட்ஸப் குழுவில் ‘சூரிச் அக்கா’ என்று அழைப்பது அவளைத்தான். இன்று வழி தவறியவன் யதுர்சன்.

“சூ, போ அங்கால.”

“என்ன அக்கா?”

“மான், தம்பி. யன்னலுக்குள்ள தலையை விட்டு ரோசாவைத் தின்னுது.”

“சூரிச்சில வீட்டு யன்னலுக்கும் மான் வருமா?”

“இஞ்ச காடு கிட்ட.”

திருகோணமலைத் தெருக்களில் திரியும் அந்த மானை விரட்டிவிட்டு அவள் யன்னலைச் சாத்தினாள். சூரிச் போக அவள் கேட்ட விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டிருந்தது. காத்திருந்த மாதங்களில் அந்த நகரத்தின் வரைபடம் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது. மற்றபடி, கோச்சியில் அவள் போன அதிக தூரம் அடுத்த ஸ்டேசனான சீனக்குடாதான்.

“அக்கா, அம்மா தந்துவிட்ட பனங்கட்டியோட ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டுக்கு வாறன். எந்த டிராமில ஏற வேணும் எண்டு சொல்லுங்கோ.”