நேத்து செஞ்சதா?

பிரிவு உபசார விழாவுக்கு அவரவர் சின்ன வயதில் ருசித்த சாண்ட்விச்சைச் செய்து எடுத்துவர வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. டைப்பிஸ்ட், பள்ளிக்கூட நாட்களில் அம்மா கட்டிக் கொடுத்த அதே உருளைக்கிழங்கு சாண்ட்விச்சைக் கொண்டுவந்திருந்தாள்.

நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு கடி கடித்து, நிதானமாக மென்றார்.

"நேத்து செஞ்சதா?"

டைப்பிஸ்டின் முகம் தொங்கிப்போனது. "ஆமாங்க. முப்பது பேருக்குக் காலையில செய்ய முடியாதுன்னு, நேத்து சாயங்காலமே செஞ்சு ஈரத்துணியில சுத்தி வெச்சேன்."

"அதான பாத்தேன்."

அடுத்தது கேஷியரின் முட்டை சாண்ட்விச். "உப்புன்னு ஒண்ணு கடையில விக்கிது, தெரியுமா?"

அடுத்து மேனேஜரே தன் சாண்ட்விச் தட்டை ஏந்தி வந்தார். பெரியவர் ரொட்டியைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுல வெண்ணெயைக் கண்டுபிடிச்சா பரிசு உண்டா?"

மேனேஜர் அசடு வழிந்தார். டைப்பிஸ்டுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

பெரியவர் அவள் தட்டிலிருந்து இன்னும் மூன்றை எடுத்துத் தன் தட்டில் அடுக்கிக்கொண்டார். "அருமையா இருக்கும்மா. எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"இருபத்தெட்டு வருஷமா இந்த ஆபீஸ் கேன்டீன்ல சமைச்சுப் போட்டேன். தினமும் நீங்கல்லாம் என்கிட்ட கேட்டதுதான். ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ஒரு நாளாவது நானும் கேட்டுப் பாக்கணும்னு ஆசை."

வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கேக்குறவங்களுக்கு நல்லாத்தான்மா இருக்கு."