ஒரு பங்கு அதிகம்

"ஏம்ப்பா, இருபது பேர் விருந்துக்கு இருபத்தொரு பங்கு கறி போடச் சொல்லுது உன் ஆப். கம்ப்யூட்டர் படிக்கிறவனுக்கு எண்ணத் தெரியாதா?"

மாணவர்களின் தொழில் யோசனைகளுக்கு நடுவராக வந்திருந்த சோவெத்பெக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் இரண்டு விருந்து மண்டபங்களுக்குச் சொந்தக்காரர் அவர்.

முன்னால் நின்ற மாணவன் இல்கிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "ஆமா பைக்கே, தப்புதான்" என்றான். அங்கே மூத்த ஆணை 'பைக்கே' என்றும் மூத்த பெண்ணை 'எஜே' என்றும் கூப்பிடுவதுதான் மரியாதை.

கடைசி வரிசையில் ஜிபாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினி மாணவர்களுக்குத் தொழில்முனைவுப் பாடம் நடத்துகிறவள் அவள். பூஜ்யத்திலிருந்து எண்ணி நிரல் எழுதிப் பழகிய கைக்கு வரும் அரதப் பழசான தப்பு இது. ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. எத்தனை தடவை சொல்லியாயிற்று, தலையை ஆட்டுவான், மாற்ற மாட்டான்.

யோசனை என்னவோ அருமையான யோசனை. விருந்தில் ஆட்டை அறுத்து யாருக்கு எந்த எலும்பு என்று வைப்பது விளையாட்டுக் காரியமா? வயசும் உறவும் பார்த்து வைக்க வேண்டும். மாறிப் போனால் சம்பந்தி வீட்டோடு பேச்சுவார்த்தையே நின்றுவிடும். விருந்தாளிகளின் பெயரைப் போட்டால் இல்கிஸின் ஆப் யாருக்கு எது என்று பிசகில்லாமல் சொல்லிவிடும். கடைசியில் பெயரே இல்லாத ஒரு பங்கையும் சேர்த்துச் சொல்லும், அதுதான் வம்பு.

ஜிபாரின் புகுந்த வீட்டு விருந்தில்கூட அவன் அதைப் போட்டுப் பார்த்தான். அங்கேயும் ஒரு பங்கு மிஞ்சியது. 'இவன்தான் நீ மெச்சிக்கிற மாணவனா?' என்று மாமியார் ஒரு பார்வை பார்த்தார்.

சோவெத்பெக் எழுந்தார். "அந்த ஒண்ணைச் சரி பண்ணிடு, ரெண்டு மண்டபத்துக்கும் எடுத்துக்கறேன். டீ குடிச்சிட்டு வர்றேன், பதில் சொல்லு."

"யோசிக்கிறேன், பைக்கே" என்றான் இல்கிஸ்.

யோசிக்கிறானாம்! இது கைகூடாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு, அண்ணன்களோடு மாஸ்கோவுக்குக் கிடங்கு வேலைக்குப் போக வேண்டியவன். ஜிபார் அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோபத்தைவிட, ஏன் என்ற கேள்விதான் அவளைக் குடைந்தது.

"ஒரே ஒரு வரிடா. அதை மாத்தறதுக்கு என்ன உனக்கு? திமிரா?"

"திமிர் இல்ல, எஜே."

"அப்ப சோம்பேறித்தனம்."

இல்கிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்.

"முதல்ல எங்க பெரியப்பா வீட்டு விருந்துலதான் போட்டுப் பாத்தேன். அன்னைக்கு நெஜமாவே தப்புதான், எஜே. ஒரு பங்கு மிஞ்சிடுச்சு. யாருதுன்னு தெரியாம எல்லாரும் முழிச்சாங்க. அப்புறம் பாட்டி, வெந்நீர் கொதிக்கிற சமோவார் பக்கத்துல நின்னு டீ ஊத்திட்டிருந்த எங்கம்மாவைப் பாத்து, 'வா, நீ உக்காந்து சாப்பிடு'ன்னாங்க."

"சரி, அதுக்கு?"

"அம்மா விருந்துல உக்காந்து நான் பாத்ததே இல்ல. மருமகளுங்க நின்னு ஊத்தணும், மிச்சமிருந்தா அடுப்படியில சாப்பிடணும். எத்தனை பேர் விருந்துக்குன்னு கேட்டா, ஒருத்தரும் அவங்களைச் சேத்துச் சொல்றதில்ல. அதுக்கப்புறம் திருத்த மனசு வரல."

'யாரும் கேட்காத ஆளைத் தேடிப் போய்க் கேளுங்கள்' என்று வருஷா வருஷம் முதல் வகுப்பில் முழங்குகிறவள் ஜிபார்தான்.

"இதை உள்ளேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? புது வசதின்னு சொல்லியிருந்தா கைதட்டியிருப்பாங்க."

"வசதின்னு சொன்னா அதை அணைக்க ஒரு பட்டன் கேப்பாங்க, எஜே. தப்புன்னா யார் மேலயும் யாரும் கோவிச்சுக்க முடியாது. 'கறி மிஞ்சிடுச்சு, வீணாப் போகுது, உக்காரும்மா'ன்னு போயிடும்."

சொல்லிவிட்டுத் தயங்கினான். "உங்க வீட்ல மிஞ்சினதை யார் சாப்பிட்டாங்க?"

ஜிபாருக்கு அந்த விருந்து ஞாபகம் வந்தது.

அன்று அவள் கையில் டீ கெட்டில் இருந்தது. மாமியார் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "நீதான் இருக்கியே, உக்காரு" என்றார். கெட்டிலை யாரோ வாங்கிக்கொண்டார்கள். கல்யாணமாகி அந்த வீட்டில் அவள் சூடாகக் கறி சாப்பிட்டது அன்றுதான். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற முனைவர் அம்மாள், சாப்பிட்டு முடித்து மறுநாள் வகுப்புக்கு வந்ததும், முதல் வேலையாக அந்தத் தப்பைத் திருத்தச் சொன்னாள். நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சோவெத்பெக் டீ குடித்துவிட்டு வராந்தா வழியாக வந்தார். "என்ன எஜே, பையன் சரி பண்றானாமா?"

இல்கிஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"நானே உக்காந்து பாத்துட்டேன், பைக்கே" என்றாள் ஜிபார். "எடுத்துக்கறதா இருந்தா அந்த ஒரு பங்கோட எடுத்துக்கங்க. அதை யாராலயும் திருத்த முடியாது."