மறுபடி அடி!

"இது செல்லாது. மறுபடி அடி!"

எதற்கெடுத்தாலும் விதி பேசி 'சட்டப்புலி' என்று பேர் வாங்கியவன் போட்ட சத்தத்தில் தீயணைப்பு நிலையத்தின் ஓய்வறையே திரும்பிப் பார்த்தது. குடும்பத்தோடு வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவளுக்குச் சுருக்கென்றது.

செல்லாது என்று அவன் சொன்னது அவளுடைய கணவரின் ஆட்டத்தை.

பில்லியர்ட்ஸ் மேசையில் பந்துகள் ஏறக்குறைய அடுக்கி வைத்தபடியே கிடந்தன. முதல் அடி, அதாவது பிரேக், அவள் கணவருடையது. வெள்ளைப் பந்து மெல்லப் போய்த் தட்டியதில் இரண்டே இரண்டு பந்துகள் சோம்பலாக உருண்டு ஓரத்தைத் தொட்டன. மற்றவை அசைந்து கொடுக்கவில்லை.

பாவம், அவர் என்ன செய்வார்? நாலு மாதம் முன்பு தீப்பிடித்த கிடங்கில் உத்தரம் விழுந்து, வலது தோளில் ஆபரேஷன். எலும்பு கூடிவிட்டது, தாராளமாகக் கையை வீசலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இவருக்குத்தான் பயம் போகவில்லை. குளிக்கிற வாளியைக்கூட இடது கையால்தான் தூக்குகிறார்.

திங்கட்கிழமை நிலைய அதிகாரி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். கை சரி என்றால் பழையபடி வண்டி. இல்லையென்றால் ஆயுசுக்கும் டெலிபோன் நாற்காலி. சைரன் கேட்டால் சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலுக்கு ஓடுகிற மனிதர் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவார்?

அந்த அதிகாரி இதோ, மேசைக்கு நேரெதிரே டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் கண் முன்னாலா இந்தக் கூத்து?

நாலு மாதமாக வண்டியில் அவள் கணவரின் இடத்தில் போய்வருகிறவன் சட்டப்புலிதான். அறிக்கை பாதகமாகப் போனால் அந்த இடம் அவனுக்கே நிரந்தரம். மற்ற நாளில் அவளுக்கு அவன் 'அண்ணா'. இன்றைக்கு மனசுக்குள் அந்த மரியாதை வரவில்லை.

வண்டி டிரைவருக்கே பொறுக்கவில்லை.

"நாலு பந்தாவது ஓரத்தைத் தொடணும், தொடலை, ஃபவுல்தான். ஒத்துக்கறோம். அதுக்கு மூணு வழி இருக்குல்ல? பந்து கிடக்கிறபடியே நீ ஆடலாம். இல்லே, அடுக்கி நீயே பிரேக் அடிக்கலாம். கை சரியில்லாத மனுஷனையே ஏன்யா அடிக்கச் சொல்றே?"

"அடிச்சவனையே மறுபடி அடிக்கச் சொல்றது மூணாவது வழி. அதுவும் விதியிலதான் இருக்கு. அடுக்குங்க!"

அடுக்கினார்கள். அவள் கணவர் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு அடித்தார். மூன்று பந்துகள் ஓரத்தைத் தொட்டன. வெள்ளைப் பந்தோ நேராகப் போய்க் குழியில் விழுந்தது.

"அப்படிப் போடு! வெள்ளை இப்ப உன் கையில," என்றார் டிரைவர் சட்டப்புலியிடம். "கோட்டுக்குப் பின்னாடி எங்க வேணா வெச்சு அடிக்கலாம். குழி வாயிலேயே ரெண்டு பந்து உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. விட்டுடாதே."

சட்டப்புலி அந்தப் பந்துகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"வேணாம். மறுபடி அடுக்குங்க. அவனே அடிக்கட்டும்."

அவள் கணவரின் முகம் சிவந்துவிட்டது. குச்சியை மேசைமேல் போட்டார்.

"விடுடா. நான் தோத்துட்டேன்னே வெச்சுக்க."

"தோக்கறதுக்கும் செல்லுபடியா ஒரு அடி அடிக்கணும், மாப்ளே. இதென்ன, பந்தைத் தாலாட்டித் தூங்க வைக்கிறியா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். போதும், பார்த்தாயிற்று என்பதுபோல. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் கணவர் குச்சியைப் பிடுங்குவதுபோல எடுத்தார். தோளும் ஞாபகமில்லை, டாக்டரும் ஞாபகமில்லை. கோபம் மட்டும்தான்.

படீர்!

பந்துகள் மூலைக்கொன்றாகச் சிதறி ஓடின. ஓரத்தில் மோதித் திரும்பி ஒன்றையொன்று முட்டின. அடுத்தடுத்து இரண்டு பந்துகள் குழிக்குள் விழுகிற சத்தம் கேட்டது. அறையே கைதட்டியது.

"ஏய்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கூவினார் அவர். பிறகுதான் உறைத்தது. தலைக்கு மேலே போயிருந்த வலது கையை அவரே அண்ணாந்து பார்த்தார். மடக்கினார், நீட்டினார், சுழற்றினார். வலிக்கவில்லை. சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. நாலு மாதப் பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. ஆனாலும் சட்டப்புலியைச் சும்மா விட மனசில்லை. நேராகப் போனாள்.

"அதிகாரி முன்னாடி அவரை இப்படி அவமானப்படுத்தணுமா அண்ணா? அவர் கை சரியாகாம இருந்திருந்தா உங்களுக்குக் கொண்டாட்டம்தான், இல்லே?"

சட்டப்புலி தலையைச் சொறிந்தான். "விதின்னு ஒண்ணு இருக்குல்ல தங்கச்சி," என்று முணுமுணுத்துவிட்டு, பந்து பொறுக்கும் சாக்கில் நழுவினான்.

பின்னாலிருந்து அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"உன் வீட்டுக்காரருக்கு டெலிபோன் வேலைதான்னு நேத்தே அறிக்கை எழுதி முடிச்சிட்டேம்மா. வண்டியில அந்த இடத்துக்கு, அதோ பந்து பொறுக்கறாரே, அவர் பேரைப் போட்டு, சம்மதம்னு கையெழுத்துக் கேட்டேன். 'நாளைக்கு அவன் ஒரே ஒரு பிரேக் ஒழுங்கா அடிக்கிறதைப் பார்த்துட்டு அப்புறம் கேளுங்க'ன்னு சொல்லி, பேனாவைத் தொடவே மாட்டேன்னுட்டார்."