நிலைக்கால் பொட்டு

"உயரத்த மட்டும் அளந்து ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டாக்டரம்மா. மத்தத நான் ஆபீஸ்ல பேசிக்கிறேன்" என்றார் அண்ணாதுரை.

செந்துறைப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, பெரம்பலூரில் இருந்த அந்தச் சிறிய கிளினிக்கிற்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். அண்ணாதுரை, அவர் மனைவி சம்பூர்ணம், மகள் பூங்குழலி.

"எதுக்குச் சீட்டு?" என்று கேட்டார் டாக்டர் மணிமொழி.

"போன வாரம் அரியலூர்ல பெண் போலீசுக்கு ஆள் எடுத்தாங்க. நூத்தி அம்பத்தொம்பது சென்டிமீட்டர் வேணும். எம்பொண்ணு சரியா இருப்பா. அங்க அளந்தவங்க நூத்தி அம்பத்தஞ்சுன்னு எழுதி வெளிய அனுப்பிட்டாங்க. நாலு சென்டிமீட்டர் எங்க போவும்? காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா?"

"வீட்டுல சரியா அளந்தீங்களா?"

"பொங்கலன்னைக்கு நானே டேப்பு வச்சு நிலைக்கால்ல நூத்தி அம்பத்தொம்பதுக்குக் கோடு போட்டேன். என் வூட்டுக்காரி அதுக்கு மேலயே மஞ்சப் பூசி, கோடு இருந்த எடத்துல குங்குமப் பொட்டு வச்சா. வெள்ளிக்கெழம ஆனா இவ அதுல முதுக ஒட்டி நிப்பா. ஏழு மாசமா உச்சந்தல அந்தப் பொட்டுலதான் இடிக்குது."

சம்பூர்ணம் மடியிலிருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர், பூங்குழலியைச் சுவரோடு நிற்க வைத்து அளந்தார். நூற்று ஐம்பத்தைந்துகூட முழுதாக வரவில்லை.

"உங்க அளவுகோலுமா இப்படி?" என்றார் அண்ணாதுரை.

டாக்டர் அவளைத் திரும்பி நிற்கச் சொன்னார். பூங்குழலியின் முதுகெலும்பில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். தோள்களுக்கு நடுவே புடைத்திருந்த இடத்தில் விரல் பட்டதும் அவள் துள்ளினாள்.

"இந்த வலி எத்தனை நாளா இருக்கு?"

"மாசிலேர்ந்துங்க. முந்திரிக் கொட்ட பொறுக்குற வலின்னு நெனச்சேன்."

"சாயந்திரத்துல காய்ச்சல் வருதா?"

"லேசா வரும். கிரவுண்டுல ஓடுற சூடுன்னு அப்பா சொன்னாங்க."

"கால் மரத்துப் போகுதா?"

அவள் தயங்கினாள். "பத்து நாளா நடக்கயில தடுக்குதுங்க."

"அதான் கூனிக்கிட்டு நடக்குறா" என்று குறுக்கிட்டார் அண்ணாதுரை. "போலீசுக்காரி நெஞ்ச நிமித்தி நடக்க வேணாமான்னு தெனம் திட்டுறேன். கேக்குறாளா?"

எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார் டாக்டர். வந்த படத்தை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

"உக்காருங்க. அவ வேணும்னு கூனிக்கிட்டு நடக்கலை. அவளால நிமிர முடியலை. காசநோய் மாதிரி தெரியுது. நெஞ்சுல மட்டும்தான் வரும்னு இல்லை, முதுகெலும்புலயும் வரும். ரெண்டு எலும்பு முன்பக்கமா அரிச்சுச் சரிஞ்சிருக்கு. அதனாலதான் கூன். அதனாலதான் உயரம் குறைஞ்சிருக்கு."

அண்ணாதுரை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "கொணமாயிடுமா டாக்டரம்மா?"

"திருச்சிக்கு எழுதித் தரேன், இன்னைக்கே போங்க. நரம்பை அழுத்த ஆரம்பிச்சிருக்கு. விட்டா கால் விழுந்துடும். மருந்து ஒழுங்கா சாப்பிட்டா நோய் போயிடும். ஆனா விழுந்த கூன் முழுசா நிமிராது."

"அப்ப அடுத்த வருசம் போலீசுக்கு..." என்று பூங்குழலி மெல்லக் கேட்டாள்.

டாக்டர் இல்லையென்று தலையை அசைத்தார். பூங்குழலி தோள்களைப் பின்னால் இழுத்து ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். முடியவில்லை.

"ஒரே நாள்ல எலும்பு இப்படிச் சரிஞ்சு விழாது" என்றார் டாக்டர். "மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா உயரம் குறைஞ்சிருக்கும். ஆரம்பத்துலயே வந்திருந்தா இந்தக் கூனே விழுந்திருக்காது. வாரா வாரம் அளந்திருக்கீங்க. எப்படித் தெரியாமப் போச்சு?"

"அதான் எனக்கும் வெளங்கல. போன வெள்ளிக்கெழம கூட பொட்டுல இடிச்சாளே! நான் பாத்தனே!"

பையின் காதை முறுக்கிய விரல்கள் நின்றன.

"மாசியில ஒரு நா, பொட்டுக்குக் கீழ நின்னுட்டா" என்றாள் சம்பூர்ணம், யாரையும் பார்க்காமல். "அன்னைக்குப் பூரா புள்ள சோறு திங்கலங்க. அதுலேர்ந்து ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் மஞ்சப் பூசயில, நாந்தான் பொட்ட எறக்கி எறக்கி வச்சேன்."