இரண்டாவது மேஜைக்காரர்

"மேடத்துக்குச் சர்க்கரை போடாதீங்க."

டீ கொண்டுவந்தவரிடம் அதைச் சொன்னது மேடம் இல்லை. இரண்டாவது மேஜையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர். வாக்குச்சாவடியின் தலைமை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சேர்த்த ஆட்கள். நேற்று மாலைதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கினார்கள். அதற்குள் சர்க்கரை வரைக்கும் போய்விட்டதா சமாசாரம்?

மேடமோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நீட்டியிருந்த அடுத்த விரலுக்கு மை வைத்தார்.

நாட்டுக்கும் மாநிலத்துக்கும் ஒரே நாளில் தேர்தல். ஒரு மேஜை போட்ட இடத்தில் இரண்டு மேஜை, ஒரு மெஷின் வைத்த இடத்தில் இரண்டு மெஷின். ஆள்தான் இரண்டு மடங்கு கிடைக்கவில்லை. யார் என்ன சாக்குச் சொன்னாலும் காதில் வாங்காமல் பிடித்துப் போட்டிருந்தார்கள். பெயர்கள் மனதில் நிற்காததால் தலைமை அதிகாரி தானாகவே பட்டம் வைத்துக்கொண்டார். முதல் மேஜையில் இருப்பவர் மை மேடம். இரண்டாவது மேஜையில் கண்ணாடி சார்.

மை மேடத்திடம் மை வாங்கி, நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, ஒவ்வொருவராகக் கண்ணாடி சாரிடம் போய் மாநிலத்துக்கான சீட்டை வாங்க வேண்டும். காலையிலிருந்து அந்த விரல்களை அவர் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சீட்டைக் கிழித்தார்.

ஒரு பெரியவர் முதல் மெஷினில் ஓட்டுப் போட்டதோடு வெளியே நடையைக் கட்டினார்.

"ஐயா, இன்னொரு ஓட்டு பாக்கி இருக்கு!"

"அட போப்பா. ரெண்டு தடவ போட்டா கள்ள ஓட்டுன்னு உள்ள தள்ளவா? அந்த ஆட்டத்துக்கு நான் வரல."

வரிசையே சிரித்தது. மை மேடமும் கண்ணாடி சாரும் மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது மை மேடம் எழுந்து வந்தார்.

"சார், பையனை நேத்து ராத்திரி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. தங்கச்சிதான் கூட இருக்கா. போனையெல்லாம் வாங்கி வச்சுட்டீங்க, அவகிட்ட உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கேன். ஒரு மணி நேரம் விட்டீங்கன்னா பார்த்துட்டு ஓடி வந்துடுவேன்."

"என்ன உடம்புக்கு?"

"காய்ச்சல். இறங்கவே மாட்டேங்குது."

ரயில்வே அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாத குரல். தலைமை அதிகாரிக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"மாத்து ஆள் ஒருத்தர்தான் வருவார் மேடம். சொந்த வேலையா வெளிய போகணும்னு அந்த ரெண்டாவது மேஜை சார் காலையிலயே கேட்டு வச்சுட்டாரே."

மை மேடம் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அடுத்த நிமிடம் கண்ணாடி சார் வந்து நின்றார்.

"என்னோடதை விட்டுருங்க சார். மேடத்தையே அனுப்புங்க."

"உங்க வேலை என்னாகிறது?"

"அவங்க போனாப் போதும்."

தலைமை அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டு கண்ணைச் சிமிட்டினார். "என்ன சார், சர்க்கரையில ஆரம்பிச்சு லீவை விட்டுக் குடுக்கிற வரைக்கும் வந்துட்டீங்க? வீட்டுல தெரியுமா?"

"வீட்டுல யாரும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி சார் தன் மேஜைக்குத் திரும்பினார்.

மாற்று ஆள் வரவில்லை. மண்டல அதிகாரியைப் போனில் பிடித்தால் அவர் எரிந்து விழுந்தார். "எல்லா இடத்துலயும் ரெண்டு மேஜை சார்! மிச்ச ஆளுக்கு நான் எங்க போவேன்? பொம்மை செஞ்சா அனுப்பறது?"

விஷயத்தைச் சொன்னபோது மை மேடம், "சரி சார்" என்றார். அவ்வளவுதான். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். அவருடைய கை விரல்களே கறுத்துப் போயிருந்தன. ஓரமாக வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் தலைமை அதிகாரியின் போன் அடித்தது. பெண் குரல். பின்னால் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"அக்காவை அனுப்பி வைங்க சார். பையன் போயிட்டான்."

அந்தப் பக்கம் பேச்சு நின்ற பிறகும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு எழுந்து, வரிசையைக் கையால் நிறுத்திவிட்டு, முதல் மேஜையின் முன்னால் போய் நின்றார்.

"மேடம்... உங்க தங்கச்சி பேசினாங்க. பையன்..."

மை மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். மை பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். அது இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

"நான் யாரையும் கேக்கப் போறதில்ல மேடம். ஜீப்பை வரச் சொல்றேன். உங்க மேஜையில நானே உக்காந்துக்கறேன். என்மேல என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுத்துக்கட்டும். நீங்க கிளம்புங்க."

மை மேடம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக இரண்டாவது மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே கண்ணாடி சார் குனிந்த தலை நிமிராமல் யாருக்கோ சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க சார். நாங்க பேசிக்கிறதில்ல."

தலைமை அதிகாரிக்குப் புரியவில்லை. "யார்கிட்ட மேடம்?"

"அவனோட அப்பாகிட்ட."