ரேஸ்காரர் வீட்டு எண்ணெய்

தெருவே ‘ரேஸ்காரர்’ என்று கூப்பிடும் கோடிவீட்டு மாப்பிள்ளை, காரின் திறந்த பானட்டுக்குள் தலையை விட்டபடி நிற்கிறார். காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரைப் பெருமையாக மாட்டியவர், எஞ்சின் வயிற்றிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையைப் பிடிக்கிற டப்பாவை மட்டும் மாட்டவில்லை. அதற்குப் போகவேண்டிய குழாய் வாயைப் பிளந்து தொங்குகிறது. ஒவ்வொரு உறுமலுக்கும் காலை வெயிலில் நீலமாக ஒரு புகை, நுனியில் மினுங்கும் ஒரு சொட்டு. நேற்றுதான் எதிர்வீட்டு அக்காவிடம், “பொழுதன்னிக்கும் என்னத்தப் பொரிக்கிறீங்க? நாத்தம் தாங்கல!” என்று ஊரைக் கூட்டினார். இப்போது அவளே பழைய துணியோடு வருகிறாள். “தம்பி, எங்க வீட்ல இன்னும் அடுப்பே மூட்டல. உங்க சட்டியிலதான் எண்ணெய் காயுது. என்ன பலகாரம்?” வாசற்படியில் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். அவருடைய காதுமடல் சிவக்கிறது. கை மட்டும் பின்னால் நீண்டு துணியை வாங்கிக்கொள்கிறது. தலை வெளியே வரவில்லை.